போட்டி நேரத்து இரைச்சல்: குறை நம் ரிசீவரிலா, பக்கத்து நிலையத்திலா?

பொழுதுபோக்காக உரிமம் பெற்று வானொலியில் தொடர்புகொள்ளும் ஹாம்களின் ரேடியோ போட்டி முடிந்த மறுநாள் இரண்டு புகார்கள் தவறாமல் வரும். "பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் பேண்டையே நாசம் செய்துவிட்டார்" என்பது ஒன்று. "இந்த செட்டுக்கு சென்சிட்டிவிட்டி போதாது, மாற்றியே ஆக வேண்டும்" என்பது மற்றொன்று. இரண்டிலும் பழி பெரும்பாலும் தப்பான இடத்தில் விழுகிறது. பக்கத்து நிலையம் சுத்தமாக ஒலிபரப்பிக்கொண்டிருக்க, இரைச்சல் நம் ரிசீவருக்குள்ளேயே பிறந்திருக்கலாம். செட் நன்றாகவே இருக்க, நாம் போட்டு வைத்த ஒரு ஸ்விட்ச் அதைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போட்டி நாகரிகத்தைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை.

போட்டி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடலாம். குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிந்தவரை அதிக நிலையங்களோடு தொடர்புகொண்டு, ஒரு சிறு தகவலைப் பரிமாறி, பதிவேட்டில் குறிக்க வேண்டும். சிக்யூ வேர்ல்டுவைடு போட்டி 48 மணி நேரம் நடக்கும். அதன் குரல் பகுதி அக்டோபரின் கடைசி முழு வார இறுதியிலும், மோர்ஸ் (புள்ளி, கோடுகளால் அனுப்பும்) பகுதி நவம்பரின் கடைசி முழு வார இறுதியிலும் வரும். அந்த இரண்டு நாளும் 14 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் ஊசி குத்த இடம் இருக்காது.

## கூட்டத்தில் கேட்பது வேறு வேலை

வேறு எந்தத் தொந்தரவும் இல்லாதபோது ரிசீவர் எவ்வளவு மெல்லிய சிக்னலை எடுக்கும் என்பதற்கான அளவுதான் சென்சிட்டிவிட்டி. இன்றைய செட்டுகளின் விவரத்தாளில் இது 0.2 மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 14 மெகாஹெர்ட்ஸிலும் அதற்குக் கீழேயும் இதனால் பெரிய லாபம் இல்லை. தொலைதூரத்து மின்னல், அக்கம்பக்கத்து எல்இடி விளக்கு, சார்ஜர் என்று ஆன்டெனா வழியாக உள்ளே வரும் இரைச்சலே, ரிசீவர் தானாக உண்டாக்கும் இரைச்சலைவிடப் பல மடங்கு அதிகம்.

இதை ஒரு நிமிடத்தில் சோதித்துக்கொள்ளலாம். ப்ரீஆம்பை, அதாவது உள்ளே வரும் சிக்னலை முதலிலேயே பெருக்கும் பகுதியை, அணைத்துவிட்டு, சிக்னல் ஏதும் இல்லாத ஓர் இடத்துக்கு டயலைத் திருப்பி, ஆன்டெனா வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் உங்கள் செட்டுக்கு அந்தப் பேண்டில் தேவையான சென்சிட்டிவிட்டி ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் ப்ரீஆம்ப் போட்டால் சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து ஏறும், அவ்வளவுதான்.

கூட்டத்தில் தேவைப்படுவது வேறு. ராத்திரியில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் நடந்து வருகிறார் என்று வையுங்கள். இருட்டில் அவரைப் பார்க்கக் கூர்மையான கண் போதும். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் பார்க்க, அந்த வெளிச்சத்தில் கூசாத கண் வேண்டும், முன்கண்ணாடியும் சுத்தமாக இருக்க வேண்டும். கண்ணாடியில் தூசி படிந்திருந்தால் வெளிச்சம் சிதறி, ஆள் நிற்கும் இடத்தையே மூடிவிடும். அந்தத் தூசி லாரிக்காரர் போட்டதல்ல.

ரிசீவரில் இந்தக் 'கூசாத' தன்மைக்கு டைனமிக் ரேஞ்ச் என்று பெயர். காதுக்கு எட்டும் மிக மெல்லிய சிக்னலைவிடப் பக்கத்துச் சிக்னல் எத்தனை டெசிபல் பலமாக இருக்கும்வரை ரிசீவர் தானாக எதையும் கிளப்பாமல் தாங்கும் என்பதே அது. டெசிபல் என்பது விகிதத்தைச் சொல்லும் அளவு: 10 டெசிபல் என்றால் சக்தியில் 10 மடங்கு, 20 என்றால் 100 மடங்கு.

எண்ணில் பார்த்தால் இதன் கடுமை புரியும். சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் எஸ்9 என்பது ஆன்டெனா முனையில் 50 மைக்ரோவோல்ட். அதற்குக் கீழே ஒவ்வொரு படியும் 6 டெசிபல் என்பது ஒப்புக்கொண்ட கணக்கு. எல்லா மீட்டரும் அதை மதிப்பதில்லை என்பது வேறு விஷயம். ஒரு பக்கம் எஸ்2 அளவில் ஒரு தூரத்து நிலையம், அதற்கு 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி எஸ்9-க்கு மேல் 40 டெசிபலில் ஒரு பெரிய நிலையம். இரண்டுக்கும் இடையே 82 டெசிபல், அதாவது சக்தியில் சுமார் 16 கோடி மடங்கு வித்தியாசம். போட்டியில் இது அபூர்வமான காட்சி அல்ல.

## ரிசீவருக்குள் பிறக்கும் பேய்கள்

பலமான சிக்னல் உள்ளே வரும்போது மூன்று கோளாறுகள் நடக்கின்றன. முதலாவது பிளாக்கிங்: பக்கத்துச் சிக்னலின் பலத்தில் ரிசீவரின் பெருக்கமே படுத்துவிட, நாம் கேட்டுக்கொண்டிருந்த சிக்னல் மங்கும். நல்ல செட்டுகளில் இது அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. பக்கத்துத் தெருவிலேயே இன்னொரு ஹாம் இருந்தால்தான் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது இன்டர்மாடுலேஷன். இரண்டு பலமான சிக்னல்கள் ரிசீவருக்குள் ஒன்றோடொன்று கலந்து, எவரும் அனுப்பாத மூன்றாவது, நான்காவது சிக்னல்களை உண்டாக்குவது இது. 14.030-இல் ஒருவர், 14.033-இல் ஒருவர் என்றால் பேய்கள் 14.027-இலும் 14.036-இலும் எழும். ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்தால் வரும் எண்கள் இவை. மோர்ஸில் இந்தப் பேயை அடையாளம் காண்பது சுலபம். இரண்டு பேரின் கீயும் ஒரே நேரத்தில் அழுந்தியிருக்கும்போது மட்டும்தான் அது ஒலிக்கும் என்பதால், எந்த எழுத்தும் ஆகாத துண்டு துண்டான புள்ளிகளாகக் கேட்கும்.

இந்தப் பேய்க்கு ஒரு பலவீனம் உண்டு. அதை உண்டாக்கும் சிக்னல்கள் இரண்டும் 1 டெசிபல் குறைந்தால், அது 3 டெசிபல் குறையும். கீழே வரும் சோதனைக்கு ஆதாரம் இதுதான்.

மூன்றாவது ரெசிப்ரோகல் மிக்ஸிங். வரும் சிக்னலோடு கலப்பதற்காக ரிசீவருக்குள் ஓர் ஆசிலேட்டர் ஓடுகிறது. அது சுத்தமான ஒற்றை அலையைக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் அதன் இருபுறமும் மெல்லிய இரைச்சல் பாவாடைபோல் விரிந்திருக்கும். இதை ஃபேஸ் நாய்ஸ் என்பார்கள். பக்கத்துப் பலமான சிக்னல் அந்தப் பாவாடையோடு கலந்து, நாம் கேட்கும் இடத்தில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலாக விழும். பக்கத்து நிலையத்தின் மோர்ஸ் தாளத்துக்கு ஏற்ப அந்த இரைச்சல் ஏறி இறங்கும். முன்கண்ணாடித் தூசி என்றது இதைத்தான்.

சுருக்கமாக: சென்சிட்டிவிட்டி என்பது இருட்டில் பார்க்கும் திறமை, டைனமிக் ரேஞ்ச் என்பது வெளிச்சத்துக்குப் பக்கத்தில் பார்க்கும் திறமை. போட்டியில் இரண்டாவதுதான் பேசும்.

## எந்த இடைவெளியில் அளந்தார்கள்?

செட் வாங்கும்போது வெறும் டைனமிக் ரேஞ்ச் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அந்த எண் எந்த இடைவெளியில் அளக்கப்பட்டது என்பதுதான் கேள்வி. ஒரு தலைமுறை செட்டுகள், உள்ளே வரும் சிக்னலை முதலில் 45 முதல் 70 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உயர் அதிர்வெண்ணுக்கு மாற்றின. முதல் கலவைக்குப் பிறகு கூட்டத்தைத் தடுத்து நிறுத்தும் காவல் வடிகட்டிக்கு ரூஃபிங் ஃபில்டர் என்று பெயர். அவ்வளவு உயரத்தில் அதைக் குறுகலாகச் செய்வது கடினம். அதனால் அது 15 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இருந்தது. 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சோதித்தால் சோதனைச் சிக்னல்கள் அந்த வடிகட்டிக்கு வெளியே நின்றுவிடும். எண் 90-ஐத் தாண்டும். அதே செட்டை 2 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சோதித்தால் இரண்டும் உள்ளே புகுந்துவிடும். எண் 70 அளவுக்கு விழும். போட்டியில் பக்கத்து நிலையம் இருப்பது இந்த இரண்டாவது தூரத்தில்தான்.

பிறகு 8, 9 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு மாற்றும் வடிவமைப்புகள் திரும்பி வந்தன. அங்கே 500 ஹெர்ட்ஸ் அகல ரூஃபிங் ஃபில்டரை வைக்க முடிந்தது. அதற்கும் பிறகு, 2016-இல் வந்த ஐகாம் ஐசி-7300 போன்றவை ஆன்டெனாச் சிக்னலை நேரடியாக எண்களாக மாற்றுகின்றன. இவற்றில் நெருக்கம், தூரம் என்ற பேதம் அநேகமாக இல்லை. ஆனால் பேண்டில் உள்ள எல்லாச் சிக்னலும் ஒரே மாற்றிக்குள் ஒன்றாக நுழைவதால், மொத்தப் பலம் கூடினால் ஓவர்லோடு எச்சரிக்கை எரியும். எரிந்தால் ப்ரீஆம்பை அணைத்து அட்டென்யுவேட்டரை, அதாவது உள்ளே வரும் எல்லாச் சிக்னலையும் ஒரே அளவில் குறைக்கும் பகுதியை, போடுங்கள். ஆன்டெனாவில் கோளாறு தேட வேண்டாம்.

மோர்ஸ் போட்டிக்கு 2 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 80 முதல் 85 டெசிபல் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். குரலுக்கு 70 முதல் 75 போதும். குரல் பேண்டில் ரிசீவர் தோற்பதற்கு முன்பே பக்கத்து நிலையங்களின் ஒலிபரப்புக் கசிவு நம்மைத் தோற்கடித்துவிடும் என்பதே காரணம். 100 டெசிபல் செட்டுக்காகக் கடன் வாங்குவது, குரலில் மட்டும் பேசுகிறவருக்கு வீண்.

## முதலில் தொட வேண்டிய பட்டன்கள்

நாய்ஸ் பிளாங்க்கரை முதலில் அணையுங்கள். மோட்டார் வண்டி இக்னிஷன் போன்ற குறுந்துடிப்புகளைக் கண்டதும் ரிசீவரை ஒரு கணம் மூடுவது அதன் வேலை. அது துடிப்பைத் தேடுவது குறுகிய வடிகட்டிக்கு முன்னால், பேண்டின் அகலமான ஒரு துண்டில். போட்டியில் அந்தத் துண்டுக்குள் இருக்கும் பலமான மோர்ஸ், குரல் எல்லாம் அதற்குத் துடிப்பாகவே தெரியும். அது கண்டபடி மூடித் திறக்க, பல கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு எல்லாச் சிக்னலும் கரகரவென்று உடையும். "இன்று எல்லாரும் ஸ்பிளாட்டர் அடிக்கிறார்கள்", அதாவது பக்கத்து இடங்களுக்கும் வழிகிறார்கள், என்று தோன்றினால் கை முதலில் இந்த ஸ்விட்சுக்குப் போகட்டும். இதைவிட அதிகமாக அநியாயப் பழி சுமத்தியது வேறு ஒரு பட்டன் இல்லை.

அடுத்து ப்ரீஆம்ப். 14 மெகாஹெர்ட்ஸிலும் அதற்குக் கீழேயும் அது அணைந்தே இருக்கட்டும். இரவில் 7 மெகாஹெர்ட்ஸில் 10 அல்லது 12 டெசிபல் அட்டென்யுவேட்டரும் தேவைப்படும். அதைப் போட்டால் மெல்லிய நிலையம் காணாமல் போய்விடும் என்ற பயம் சகஜம். பேண்டின் இரைச்சலும் கூடவே குறைவதால் இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. ஒலியை மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் போதும்.

பிறகு ஏஜிசி, அதாவது சிக்னலின் பலத்துக்கு ஏற்ப ரிசீவரின் பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் சுற்று. ஒரே நேரத்தில் பத்துப் பேர் அழைக்கும்போது, அதாவது பைல்-அப்பில், ஏஜிசி எல்லாரையும் ஒரே உயரத்துக்குச் சமன்செய்து கூழாக்கிவிடும். ஆர்எஃப் கெயினை, அதாவது ரிசீவரின் முன்பகுதிப் பெருக்கத்தை, கையால் குறைத்து, ஆடியோவை ஏற்றிப் பாருங்கள். பேண்டின் இரைச்சல் காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது பலமானவர் பலமாகவும் மெல்லியவர் மெல்லியதாகவும் தனித்தனியே காதில் விழுவார்கள். மோர்ஸுக்கு 250 முதல் 400 ஹெர்ட்ஸ், குரலுக்கு 1.8 முதல் 2.1 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டி அகலம் பொருத்தம். அதற்கும் குறுக்கினால் சற்று விலகி அழைப்பவர்களை இழப்போம்.

## பழி யார் மேல்?

சந்தேகமான இரைச்சல் கேட்கும்போது, நாய்ஸ் பிளாங்க்கரும் ப்ரீஆம்பும் அணைந்திருக்க, 10 டெசிபல் அட்டென்யுவேட்டரைப் போடுங்கள். மற்ற நிலையங்கள் 10 டெசிபல்தான் குறைந்திருக்கின்றன, அந்த இரைச்சல் மட்டும் மொத்தமாக மறைந்துவிட்டது என்றால் அது நம் ரிசீவருக்குள் பிறந்த பேய். 1-க்கு 3 கணக்குப்படி அது 30 டெசிபல் விழுந்துவிட்டது. எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் அதே அளவு குறைந்தால் பெரும்பாலும் அது உண்மையிலேயே காற்றில் இருக்கிறது.

'பெரும்பாலும்' என்பதற்குக் காரணம் உண்டு. ரெசிப்ரோகல் மிக்ஸிங் இரைச்சலும் அட்டென்யுவேட்டரில் 1-க்கு 1 என்றே குறையும். தாளத்தோடு ஏறி இறங்கும் 'ஸ்ஸ்' இரைச்சலாக இருந்தால், வேறு ரகத்து ரிசீவர் ஒன்றில் கேட்டுப் பார்க்காமல் அடுத்தவரைக் குறை சொல்லக் கூடாது. நேரடியாக எண்களாக மாற்றும் செட்டுகளிலும் 1-க்கு 3 கணக்கு அப்படியே பொருந்தாது; அங்கே ஓவர்லோடு எச்சரிக்கையைக் கவனிப்பதே நம்பகமானது.

## நம் சிக்னல் எவ்வளவு அகலம்?

குரலில் நாம் அனுப்புவது 2.4 முதல் 2.7 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒலிபரப்பியின் கடைசிப் பெருக்கியிலும் ரிசீவரில் பார்த்த அதே இன்டர்மாடுலேஷன் நடக்கிறது. அங்கே குரலின் பல சுருதிகள் ஒன்றோடொன்று கலந்து இருபுறமும் வழிகின்றன. இந்த வழிசல்தான் ஸ்பிளாட்டர். 13.8 வோல்ட்டில் ஓடும் செட்டுகளில் மூன்றாம் படிக் கசிவு (ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்து வரும் அதே வகை) உச்ச சக்தியைவிடச் சுமார் 30 டெசிபல்தான் கீழே இருக்கும். நாம் ஒருவருக்கு எஸ்9-க்கு மேல் 40 டெசிபலில் கேட்கிறோம் என்றால், நம் கசிவே அவருக்குப் பக்கத்து இடத்தில் எஸ்9-க்கு மேல் 10 டெசிபலில் கேட்கிறது. எல்லாம் சரியாக வைத்திருந்தால் இந்த நிலை. மைக் கெயினை முறுக்கினால் இன்னும் மோசம்.

ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வெப்பமாக உறிஞ்சும் டம்மி லோடில் இதைச் சரிசெய்யலாம். குரலின் ஏற்ற இறக்கத்தை அழுத்திச் சமன்செய்யும் ஸ்பீச் புராசஸரை அணைத்துவிட்டு, போட்டியில் பேசும் அதே குரலில் பேசிக்கொண்டே மைக் கெயினை ஏற்றுங்கள். ஏஎல்சி மீட்டர், அதாவது செட் தன் சக்தியைத் தானே கட்டுப்படுத்தும் அளவைக் காட்டும் முள், உச்சங்களில் மட்டும் லேசாக அசையும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு புராசஸரை 5, 6 டெசிபல் அழுத்தம் வரை மட்டும் சேருங்கள். சொற்களுக்கு இடையே அறையின் மின்விசிறிச் சத்தம் ஏறிக் கேட்டால் அழுத்தம் கூடிவிட்டது. செட்டின் சக்தியை மேலும் பெருக்கும் தனி லீனியர் ஆம்ப்ளிஃபையர் இருந்தால், அதற்கு வேண்டிய சக்தியைச் செட்டின் பவர் பட்டனில் குறைத்துக் கொடுங்கள். ஆம்ப்ளிஃபையரின் ஏஎல்சி வயரை நம்பி முழுச் சக்தியையும் தள்ளாதீர்கள்.

மோர்ஸில் இதற்கு இணையான குற்றம் கீ கிளிக். கீயை அழுத்தியதும் அலை 1, 2 மில்லிசெகண்டில் செங்குத்தாக எழுந்தால் 'டக் டக்' என்ற சத்தம் பல நூறு ஹெர்ட்ஸ் தள்ளியும் கேட்கும். செட்டின் மெனுவில் எழும் நேரம் இருந்தால் 5 மில்லிசெகண்டுக்குக் குறையாமல், 6 அல்லது 8-இல் வையுங்கள். சிக்னல் 'கூர்மையாக' இருக்க வேண்டும் என்று குறைத்து வைப்பவர்கள் உண்டு. கூர்மை படுவது பக்கத்து நிலையத்தின் காதில்.

## இடம் பிடிப்பதும் அழைப்பதும்

எந்த அலைவரிசையும் எவருக்கும் சொந்தம் இல்லை. ஆனால் பயன்படுத்திக்கொண்டிருப்பவரைத் தள்ளிவிடவும் உரிமை இல்லை. காலியாகக் கேட்கும் இடம் காலி என்று நிச்சயம் சொல்ல முடியாது. தரையலை முடியும் இடத்துக்கும் வானலை முதலில் இறங்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள நிலையம் நமக்குக் கேட்கவே கேட்காது. அவரோடு பேசுகிறவரின் குரல் மட்டும் விட்டுவிட்டு வரும். ஆகவே 10, 15 விநாடி கேட்டுவிட்டு, மோர்ஸில் 'கியூஆர்எல்?' என்று இருமுறை, இடைவெளி விட்டு, உங்கள் கால்சைனோடு (நிலையத்தின் அடையாளப் பெயரோடு) கேளுங்கள். குரலில் "இந்த இடம் பயன்பாட்டில் இருக்கிறதா?" பதிலாக ஒற்றை 'ஆர்' அல்லது 'சி' வந்தாலும் நகர்ந்துவிட வேண்டியதுதான். மோர்ஸில் 300 முதல் 500 ஹெர்ட்ஸ், குரலில் 2.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி போட்டியில் நியாயமானது. அதற்கு மேல் சுத்தமான இடம் கேட்டு அந்த நாளில் சண்டை போட முடியாது.

சில இடங்களைத் தொடவே கூடாது. 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளில் போட்டி நடப்பதில்லை. போட்டி பிடிக்காதவர்களுக்கு அவை புகலிடம். 14.100, 21.150, 28.200 ஆகியவற்றில் உலகெங்கும் உள்ள 18 பீக்கன்கள், அதாவது அலை எட்டுகிறதா என்று பார்க்க உதவும் தானியங்கி நிலையங்கள், ஆளுக்கு 10 விநாடி வீதம் முறைவைத்து ஒலிக்கின்றன. டயல் எண்ணும் ஏமாற்றும்: குரல் டயல் எண்ணுக்கு மேலே விரியும் மேல் பக்கப் பட்டையில் டயல் 14.349 காட்டினால் குரல் 14.350 எல்லையைத் தாண்டி வெளியே போய்விடுகிறது.

அழைக்கும்போது, முதலில் அவருடைய கால்சைனைக் காதால் உறுதிசெய்யுங்கள். கணினித் திரையில் வரும் பட்டியலை நம்ப வேண்டாம். உங்கள் முழுக் கால்சைனை ஒரே ஒரு முறை கொடுங்கள். ஆர்ஐடி, அதாவது கேட்கும் இடத்தை மட்டும் நகர்த்தும் பட்டன், முன்பு போட்டபடியே இருந்தால் நீங்கள் விலகி அழைத்துக்கொண்டிருப்பீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள். மோர்ஸ் பைல்-அப்பில் எல்லாரும் ஒரே சுருதியில் குவிந்தால் ஒருவரும் தேற மாட்டார்கள். 50 முதல் 100 ஹெர்ட்ஸ் தள்ளி அழைப்பவர் தனியாகக் காதில் விழுவார்.

"எக்ஸ்ரே யாங்கி?" (எக்ஸ், ஒய் என்ற எழுத்துகள்) என்று அவர் திருப்பிக் கேட்டால், அந்த எழுத்துகள் உங்கள் கால்சைனில் இல்லாதவரை வாயைத் திறக்காதீர்கள். இருந்தால் முழுக் கால்சைனை மறுபடி ஒருமுறை. அவர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் வெறும் "59, 22" (சிக்னல் மதிப்பீடும் இந்தியாவின் மண்டல எண்ணும்) போதும். அவர் கால்சைனையும் உங்கள் கால்சைனையும் திருப்பிச் சொல்வது பின்னால் நிற்பவர்களின் நேரம். தப்பாகச் சொன்னால் அப்போதே திருத்துங்கள். சிக்யூ வேர்ல்டுவைடில் கால்சைனைத் தப்பாகப் பதிந்தவருக்கு அந்தத் தொடர்பும் போய், அதன் புள்ளிகளைப்போல் இரு மடங்கு அபராதமும் விழும்.

ஓர் இடத்தில் நின்று அழைப்பவர் ஒவ்வொரு தொடர்பின் முடிவிலும், இல்லையென்றால் ஒன்றுவிட்டு ஒன்றிலாவது, தன் கால்சைனைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஓட்டினால் வேகம் கூடும் என்பது கணக்குப் பிழை. யார் என்று தெரியாமல் காத்திருப்பவர்கள் குறுக்கே கேட்பார்கள், ஏற்கெனவே பேசியவர்கள் மறுபடி அழைப்பார்கள். ஒரே பேண்டில் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொண்டு மாறி மாறி அழைப்பதை சிக்யூ வேர்ல்டுவைடின் விதிகளே தடுக்கின்றன.

"உங்கள் சிக்னல் அகலமாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் கோபப்படாமல் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நாய்ஸ் பிளாங்க்கர் அணைந்திருக்கிறதா, அட்டென்யுவேட்டர் போட்டும் அப்படியே இருக்கிறதா? ஆம் என்றால் புராசஸரை அணையுங்கள், மைக் கெயினைக் கால் பங்கு இறக்குங்கள், ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் சக்தியைப் பாதியாக்குங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதைத் தொட்டபோது சரியானதோ அந்த இடத்தை எழுதி வைத்துக்கொண்டு அழைப்பைத் தொடரலாம்.